வட்ட ஜன்னலில் பதிந்த கட்டைவிரல்

படிக்காதவன் முன்னுக்கு வர முடியாது என்று யாராவது சொன்னால், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கடைத்தெருக் கோடியில் இருக்கும் கண்ணாடிக் கடை வாசலில் நிறுத்த வேண்டும். ஆளுயரக் கண்ணாடிகள் அங்கே வரிசையாகச் சாய்ந்து நிற்கும். வந்தவர் தன் முகத்தையே நாலா பக்கமும் பார்த்து வெட்கப்பட்டு, பேசாமல் திரும்பிப் போய்விடுவார்.

அந்தக் கடைக்குச் சொந்தக்காரரை ஊரில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; அது அரசாங்கக் காகிதங்களோடு நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் காதைப் பிடித்துத் திருகியபோது ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியவர், பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. “அன்னிக்கு அந்த ஜன்னல்ல கண்ணாடி இருந்திருந்தா நான் இன்னிக்குப் பெரிய அதிகாரி” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். கேட்பவர்கள் சிரிப்பதற்கு முன்பே அவர் சிரித்து முடித்திருப்பார்.

கண்ணாடிக் கிடங்கு ஒன்றில் சுமைதூக்கப் போனார். முதல் நாளே ஒரு பலகைக் கண்ணாடி வழுக்க, அதைப் பிடிக்கப் போய் வலது கட்டைவிரலைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டார். அந்தத் தழும்பு இன்றைக்கும் ரேகைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டியது போல ஓடுகிறது. சுமந்தவர் பிறகு அறுக்கவும் கற்றுக்கொண்டார். வைரமுனையைக் கண்ணாடியின் மேல் இழுக்கும்போது எழும் சத்தம் பட்டுத்துணி கிழிவது போல இருந்தால் வேலை சரி; கரகரவென்றால் துண்டு துண்டாகிவிடும். கண்ணாடியை அறுப்பது கையில்லை, காது என்று அவர் சொல்வது வாய்ச்சவடால் அல்ல. அவருடைய காதை யாரும் குறை சொன்னதில்லை. வாயைத்தான் சொல்வார்கள்.

சொந்தமாகக் கடை பிடித்தபோது ஒரு காரியம் நடந்தது. வாடகைப் பத்திரம் எழுதியவர், இவருக்கு எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மைப்பெட்டியை இவர் பக்கம் தள்ளிவிட்டார். “கைநாட்டுதானே?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது இவர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் ஒரு வீட்டில் ஜன்னல் வேலை. கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, ஓரங்களில் பட்டி வைத்தார். சுண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பிசைந்த பசைதான் பட்டி. வைக்கும்போது மாவு போல இளகும், காய்ந்தால் கல்லாகிவிடும். ஓரத்தை வழித்துவிட்டு எழுந்தவர் மறுபடி குனிந்து, சட்டத்தின் அடிப்பக்கம் ஈரப் பட்டியில் தன் கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்தினார். தழும்போடு சேர்த்து அச்சாக விழுந்தது. கைநாட்டு என்றுதானே சொன்னீர்கள், இந்தா பாருங்கள் என்று ஊருக்கே காட்டுவது போல இருந்தது அவருக்கு. அன்றிலிருந்து அவர் பொருத்தும் ஜன்னல் ஒவ்வொன்றிலும் அந்த விரல் உண்டு. பிறகு கொடி படர்ந்தாற்போலக் கையெழுத்துப் போடவும் பழகிக்கொண்டார். ஆனாலும் விரலை விடவில்லை.

பட்டி பிசைவது மட்டும் அவர் மனைவியின் வேலை. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், முழங்கைவரை வெள்ளையாக உட்கார்ந்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேசுவதற்குத்தான் ஒருவர் இருக்கிறாரே என்பான் மனைவியின் தம்பி. கடையின் தள்ளுவண்டியும் வாய்த்துடுக்கும் அந்தத் தம்பியின் பொறுப்பு.

கண்ணாடிக்காரர் செய்ததிலேயே பேர் பெற்றது டாக்டர் வீட்டு மாடிப்படி ஜன்னல். முழு வட்டம். ஒரே கண்ணாடியில் வட்டமாக அறுத்து, வட்டச் சட்டத்தில் பொருத்தி, எத்தனையோ மழைக்காலம் தாண்டியும் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. அதைப் பற்றி அவர் ஆரம்பித்தால் கேட்பவர் தேநீரை முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டும் வரலாம்.

அந்த ஜன்னல்தான் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பைக் கொண்டு வந்தது. ஊரின் நடுவே புதிய நூலகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வட்ட ஜன்னல் வரப்போகிறது. இயந்திரத்தில் கண்ணாடி அறுக்கும் பெரிய கடைக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கட்டடக் கமிட்டியின் தலைவரோ டாக்டர் வீட்டு ஜன்னலை மழையில் நின்று பார்த்தவர். அதைப் போட்ட ஆளுக்குத்தான் இந்த வேலை என்று பாதி வாக்குக் கொடுத்திருந்தார். கண்ணாடிக்காரருக்கு அந்த வேலையின் மேல் கொள்ளை ஆசை. படிக்காமல் ஓடியவனின் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் ஊரில் உள்ள படித்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள். நினைக்கும்போதே அவருக்கு மீசை துடித்தது.

கமிட்டி கூடுவதற்கு முன் வந்து சேர்ந்தது வினை. ஊரில் ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளில் களவு போயிற்று. கள்ளன் பூட்டைத் தொடவில்லை. ஜன்னல் பட்டியைக் கத்தியால் சுரண்டி, கண்ணாடியை உடையாமல் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்த வழியாக உள்ளே போயிருந்தான். மூன்றாவது வீடு டாக்டருடையது; கழற்றியது அந்த வட்ட ஜன்னலையே. மூன்று சட்டத்திலும் அடிப்பக்கத்தில் மிஞ்சியிருந்த பட்டியில் ஒரு கட்டைவிரல் பதிந்திருப்பதை ஊருக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தார். கண்ணாடி வேலை தெரிந்தவன்தான் கள்ளன் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை.

ஜன்னல் விஷயமாக ஐயா கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லி ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். களவு நடந்த செய்தி இன்னும் கடைத்தெருவுக்கு எட்டியிருக்கவில்லை. ஸ்டேஷன் ஜன்னல்கள் காற்றடித்தால் பல் நடுங்குவது போல ஆடுவது ஊரறிந்தது. வேலை தானாகத் தேடி வருகிறது என்று கண்ணாடிக்காரர் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இன்ஸ்பெக்டர் மூன்று படங்களை மேசைமேல் பரப்பி, இந்த ஜன்னல்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

“பாத்திருக்கேனாவா? சார், மூணும் என் வேலை.”

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். “மூணுமா?”

“மூணும். எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா? கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது.”

“தனியாத்தான் செஞ்சீங்களா?”

“எப்பவும் தனிதான் சார். கூட ஆளைச் சேத்தா வேலை கெட்டுடும்.”

“பயமா இல்லையா?”

“முதல்ல கொஞ்சம் கை நடுங்கும். அப்புறம் பழகிடும்.”

“இன்னும் எத்தனை வீடு?”

“அதை எல்லாம் யாரு சார் எண்ணிக்கிட்டு? ஊரை ஒரு சுத்து சுத்தி வாங்க, தெரியும். அடுத்தது நூலகம். அதுதான் பெரிசு.”

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று கண்ணாடிக்காரர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். களவுச் சங்கதியை இன்ஸ்பெக்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. அப்போதும், ஜன்னல் போட்டது நான், கழற்றியது நானில்லை என்று அவர் சொன்னதை யார் கேட்பார்கள்? முதலில் சொன்னது அத்தனையும் காகிதத்தில் ஏறியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ரேகை பார்க்கும் அதிகாரி மறுநாள் வருகிறார், அதுவரை ஊரைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பொழுது சாய்வதற்குள் கடைத்தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. விஷயம் தெளியட்டும், அப்புறம் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று கமிட்டித் தலைவரும் ஆள் அனுப்பினார். தம்பி மட்டும், மாமா இதுவரை செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார், பெருந்தன்மை என்றால் இதுதான் என்றான். அக்கா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் கணவன், மனைவி, தம்பி மூவரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். ரேகை அதிகாரி ஒரு பெண்மணி. தோளில் பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி, அவசரமே இல்லாத நடை. வரும் வழியிலேயே களவு போன வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடித் தகட்டில் மையைத் தேய்த்து, கண்ணாடிக்காரரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உருட்டி எடுத்தார்.

பத்திரம் எழுதியவரின் மைப்பெட்டி ஞாபகத்தில் கண்ணாடிக்காரரின் முகம் சுண்டிப் போயிருந்தது. அதிகாரி அதைக் கவனித்திருக்க வேண்டும். விரலை உருட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். இது சின்ன சங்கதி இல்லை என்றார். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே வியாபாரிகள் ஈரக் களிமண் பலகையில் விரலைப் பதித்து உடன்படிக்கை செய்திருக்கிறார்களாம். மண்ணுக்குள் கிடைத்த பழைய பானை ஓடுகளில் குயவனின் விரல் வரிகள் இருப்பதைக் கண்டுதான் வைத்தியர் ஒருவருக்கு ரேகை ஆராய்ச்சியில் பித்துப் பிடித்ததாம். சாலைக்குக் கல் சப்ளை செய்தவன் பின்னால் பேச்சு மாறக் கூடாது என்று, ஒரு அதிகாரி அவன் உள்ளங்கையையே ஒப்பந்தத்தில் பதியவைத்தாராம். அவர் தன் விரலையும் வருஷக்கணக்கில் பதித்துப் பார்த்திருக்கிறார். உடம்பு கிழடானாலும் ரேகை அப்படியே இருந்ததாம்.

அதற்கு முன்னால் சிறையில் ஆளை அடையாளம் வைக்கத் தலையின் நீள அகலம், காது நீளம், பாத நீளம் எல்லாம் அளப்பார்கள் என்றார். தையற்காரன் மாதிரி அளந்தும் ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒரே முகம், ஒரே அளவு, பெயரும் ஒன்று என்று இரண்டு பேர் ஒரே சிறையில் மாட்டிக்கொண்டு அதிகாரிகளைத் திணறடித்த கதை ஒன்று உண்டு. விரல்தான் அவர்களைப் பிரித்துக் காட்டியது. ஒரே மாதிரி பிறந்த இரட்டைக்கும் ரேகை வேறு வேறுதான்.

கண்ணாடிக்காரருக்கு உயிர் திரும்பியது. விரலை வைப்பவன் கைநாட்டு என்று சொல்கிறார்களே, அது என்ன நியாயம் என்று கேட்டார்.

“காலையில எங்க ஆபீசுக்குள்ள போகணும்னா நானும் மெஷின்ல விரலை வைக்கணும் ஐயா. வைக்கலைன்னா கதவு திறக்காது. இப்ப எல்லாருமே கைநாட்டுதான்.”

இதை வெளியில் போய்ச் சொல்ல முடியாமல் இங்கே மாட்டிக்கொண்டோமே என்றுதான் கண்ணாடிக்காரருக்கு அப்போது வருத்தம்.

அதிகாரி இன்னொன்றும் சொன்னார். ரேகையை எடுத்துவிட்டால் போதாது, லட்சம் காகிதத்துக்குள் ஒன்றைத் தேடிப் பிடிக்க வழி வேண்டும். சுழிகளையும் வளைவுகளையும் எண்ணாக்கி அடுக்கி வைக்கும் கணக்கை மண்டையை உடைத்துப் போட்டவர்கள் ஓர் அலுவலகத்தில் கீழே வேலை பார்த்த இரண்டு பேர். பேர் என்னவோ மேலதிகாரிக்குத்தான் போயிற்று. இதைக் கேட்டதும் தம்பிக்கு என்ன ஆயிற்றோ, இருமல் பிடித்துக்கொண்டது. அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

பிறகு பூதக்கண்ணாடி படங்களின் மேல் நகர்ந்தது. முதல் ஜன்னலிலும் இரண்டாவதிலும் தழும்பு குறுக்கே ஓடியது. சந்தேகமே இல்லை, கண்ணாடிக்காரர் விரல். மூன்றாவதில் அதிகாரி நின்றார். மறுபடி பார்த்தார்.

“டாக்டர் வீட்டு ஜன்னல்ல இருக்கறது உங்க விரல் இல்லை.”

வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அது எப்படி இல்லாமல் போகும், ஊருக்கே தெரியும், வட்டமாக அறுத்தவன் நான், பொருத்தியவன் நான் என்று குரல் உயர்ந்தது. அதிகாரி படத்தையும் பூதக்கண்ணாடியையும் அவர் கையிலேயே கொடுத்தார். விரல் சிறியது. நடுவில் சக்கரம் போலச் சுழி. தழும்பைக் காணோம்.

“அன்னிக்குத் தழும்பு லீவு போட்டிருக்கும் மாமா” என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகச் செய்தேன் என்றீர்களே, அப்படியானால் இது எந்தக் கூட்டாளியின் விரல் என்று கேட்டார். என்னுடையதுதான் என்று சாதித்தால் பொய்யர் ஆகிறார். இல்லை என்றால் கூட்டாளியைக் காட்ட வேண்டும். கண்ணாடிக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலகத்து வட்டம் கண்ணெதிரே உடைந்து கொட்டுவது போல இருந்தது.

மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்தார்.

“அது என் விரலா இருக்கும்ங்க. எடுத்துப் பாருங்க.”

எடுத்தார்கள். சக்கரம் அப்படியே பொருந்தியது.

அவர் சொன்னது இவ்வளவுதான். அந்த ஜன்னலை அவசரமாக முடிக்க வேண்டியிருந்ததால், கணவர் பொறுமையில்லாமல் தானே பட்டி பிசைந்துவிட்டார். எண்ணெய் மிஞ்சிப்போனது. பொருத்தின கையோடு காய்ச்சலில் படுத்தார். முதல் மழைக்கே படியில் தண்ணீர் ஓடுகிறது என்று டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அக்காளும் தம்பியும் போய்க் கண்ணாடியைக் கழற்றி, பழைய பட்டியை முழுக்கச் சுரண்டிவிட்டு, நல்ல பட்டி வைத்துத் திரும்பப் பொருத்தினார்கள். விரல் இல்லாவிட்டால் கடையின் வேலை மாதிரி இருக்காதே என்று அவர் தன் விரலை அழுத்திவிட்டு வந்தார்.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?” கண்ணாடிக்காரரின் குரல் கீழே எங்கேயோ இருந்தது.

“சொல்ல விட்டாத்தானே? காய்ச்சல்ல படுத்தபடியே, பாக்க வந்தவங்ககிட்ட எல்லாம் அந்த ஜன்னலைப் பத்தித்தானே பேசிட்டு இருந்தீங்க. நடுவுல எங்க சொல்றது?”

அப்படியானால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதானா என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். அதிகாரி கையமர்த்தினார். இந்த விரல்கள் எல்லாம் பட்டி ஈரமாக இருந்தபோது விழுந்தவை, இப்போது கல்லில் செதுக்கினதைப் போல ஆகிவிட்டன, முந்தாநாள் ராத்திரி வந்த கள்ளன் இதில் அழுத்த முடியாது என்றார். அவன் விரலைத் தேட வேண்டிய இடம் கழற்றி வைத்த கண்ணாடி. முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் போலீஸ் வருகிறதே என்று கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் யாரையும் தொடவிடாமல் ஒரு விரிப்பால் மூடி வைத்திருந்தார். அதில் பொடி தூவி எடுத்த விரல்கள் அதிகாரியின் பையில் காலையிலிருந்தே இருந்தன. அவை டாக்டர் வீட்டாருடையவை இல்லை என்று அங்கேயே பார்த்தாகிவிட்டது. மீதி இருந்தவர்கள் இந்தக் குடும்பம்தான். தம்பியின் விரல்களையும் உருட்டி எடுத்து, மூன்று பேருடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. மிஞ்சியது கள்ளன். அந்த ரேகையை அலுவலகத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து அவனை அதே வாரம் பிடித்தார்கள். கார் கண்ணாடி மாற்றும் பட்டறை ஒன்றில் முன்பு வேலை செய்தவனாம்.

கமிட்டித் தலைவர் கடைக்கே வந்துவிட்டார். ஸ்டேஷனில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. நாற்காலியில் உட்காராமல், நேராக விஷயத்துக்கு வந்தார். மழையில் நிற்கிற ஜன்னலைப் போட்டவருக்குத்தான் வேலை என்று சொல்லியிருந்தேன், இப்போது சொல்லுங்கள், அது யார் வேலை?

கண்ணாடிக்காரரிடம் பதில் ஒன்று தயாராகத்தான் இருந்தது. வட்டமாக அறுத்தது நான், இவள் ஓரத்தை அடைத்தாள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. பின்னறையில் பட்டி பிசையும் சத்தம் நின்றிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

“அறுத்தது நான். நிக்க வெச்சது அவ. நான் வெச்சது ஒழுகிச்சு.”

தலைவர் பின்னறைப் பக்கம் திரும்பி, நூலக ஜன்னலை எடுத்துச் செய்வீர்களா அம்மா என்று கேட்டார். வெள்ளைக் கைகளோடு வாசலுக்கு வந்த மனைவி, செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்றார்.

“இவர்தான் அறுக்கணும், இந்த ஊர்ல அந்தக் கை வேற யாருக்கும் கிடையாது. ஆனா பொருத்தி முடிக்கிற வரைக்கும் இவர் வாயைத் திறக்கக் கூடாது.”

தம்பி, இது நடக்கிற காரியமா அக்கா என்று தலையில் கை வைத்துக்கொண்டான். கண்ணாடிக்காரர் ஒப்புக்கொண்டார்.

நூலகத்துக் கண்ணாடியை அறுத்த அன்று பட்டு கிழிகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தூக்கி நிறுத்தினார்கள். மனைவி சாரத்தில் ஏறி உட்கார்ந்து, கீழிருந்து தொடங்கிச் சுற்றி வரப் பட்டி வைத்தார். கண்ணாடிக்காரர் அடியில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, கண்ணாலும் புருவத்தாலும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இருந்த மனைவி அதைப் பார்க்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் அவருக்குப் பல்வலி என்று நினைத்தார்கள். மத்தியானம் வரை தாங்கினார். அவர் வாழ்நாளில் அது பெரிய சாதனை.

அப்போது அந்த வழியாகப் போன வெளியூர்க்காரர் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்து, அருமையாக இருக்கிறதே, யார் வேலை இது என்று கேட்டுத் தொலைத்தார்.

“என் வீட்டுக்காரி வேலை” என்றார் கண்ணாடிக்காரர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “இந்தப் பக்கத்துல இவ மாதிரி பட்டி வைக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளைத் தேடிப் பிடிச்சுக் கட்டிக்கிட்டது யாருன்னு கேளுங்க!”

சாரத்தின் மேலிருந்து ஒரு உருண்டை ஈரப் பட்டி வந்து அவருடைய சலவைச் சட்டையில் சரியாக விழுந்தது. அவர் அதை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, பதம் எப்படி இருக்கு பாருங்க என்று வெளியூர்க்காரரிடம் நீட்டினார்.